கோவிக்கு விடை

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களில் பழைய நடுகற்கள் மிகப் பல. ஆநிரை காத்தும் ஊர் காத்தும் பட்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை அவை. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்பு உடையது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் துறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. வட்டெழுத்தில் பொறித்த வாசகம் வீரன் பெயரைக் கூறியதோடு அமையாமல், நாயின் பெயரையும் கூறுகிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் அக்கல்லில் உள்ளது. நாடாண்ட மன்னர் பலருடைய பெயர்களே மறைந்தொழிந்திருக்க, எருமை காத்த ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக நிலைத்திருப்பது வியப்பன்றோ!

அப்பகுதியில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக நான் பணியாற்றி வந்தபோது, மாணவர்களை அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டியதுண்டு. 2010-ஆம் ஆண்டு தைத்திங்களில், பனி மிகுந்த ஒரு காலை வேளையில், எங்கள் வீட்டுத் திண்ணையின் கீழ் ஒரு நாய்க்குட்டி வந்து ஒண்டியிருந்தது. செம்மண் நிறம்; நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. உயர்ந்த இனம் என்று சொல்வதற்கில்லை. தெருவில் பிறந்த நாட்டு நாய்தான். அதற்குக் கோவிவன் என்று நான் பெயரிட்டேன். அப்பெயர் வீட்டில் செல்லுபடியாகவில்லை. "நாயைக் கூப்பிடுவதற்கும் நிகண்டைப் புரட்ட வேண்டுமோ?" என்று கேட்டாள் என் மனைவி. இரண்டே நாளில் கோவிவன் கோவி ஆயிற்று. கடைக்குறை என்று இலக்கணம் கூறி நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அதே ஆண்டு ஆடித் திங்களில் என் பெயரன் பிறந்தான். அவன் பெற்றோர் ஓசூரில் தொழிற்சாலைப் பணியில் இருந்தமையால், அவன் எங்களிடமே வளர்ந்தான். குழந்தை தவழ்ந்தபோது நாய் ஓடியது. குழந்தை ஓடிய காலத்தில் நாய் உடன் ஓடியது. அவன் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது நாய் முதுமை எய்திவிட்டது. மனிதருக்கும் நாய்க்கும் கடிகாரம் வேறு வேறு. நம் வீட்டில் ஒரு பிள்ளை பள்ளியை முடிப்பதற்குள், அவனோடு தொட்டிலருகே படுத்திருந்த நாய் தன் வாழ்நாள் முழுவதையும் வாழ்ந்து முடித்துவிடுகிறது. நாய் வளர்க்க விரும்பும் ஒவ்வொருவரும் குட்டியைக் கையில் எடுக்கும்போதே இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

கோவிக்கு உயிராக இருந்தவை மூன்று. அவற்றை இங்கே சொல்லி வைப்பது பின்னர்ப் பயன்படும். மாலையில் என்னோடு ஏரிக்கரை வரையில் நடந்து, அங்குள்ள புளியமரத்தடியில் காற்று வரும் திசையில் முகத்தை நீட்டி நிற்பது ஒன்று. நண்பகலில் என் மனைவி பிசைந்து வைக்கும் தயிர்ச்சோறு மற்றொன்று. மாலை நான்கு மணிக்குப் பெயரன் வரும் பள்ளிப் பேருந்துக்காக வாயிற்படியில் காத்திருப்பது மூன்றாவது. பேருந்து தெருமுனையில் திரும்பும் முன்பே அதன் ஒலியை அறிந்து எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான்கு மணிக்கு அது வாயிலில் போய் அமர்வதைக் கண்டு நாங்கள் நகைத்ததுண்டு. விடுமுறைக் கணக்கு அதற்கு ஏது?

2023-ஆம் ஆண்டு புரட்டாசியில் கோவி மிகுதியாகத் தண்ணீர் பருகத் தொடங்கியது. தொட்டியில் காலையில் நிரப்பிய நீர் நண்பகலுக்குள் வற்றும். இரவில் இருமுறை மும்முறை வெளியே போகக் கதவைக் கீறும். உடல் மெலிந்து விலாவெலும்பு தெரிந்தது. எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் ஓர் இளம்பெண். ஒரு காலத்தில் என் வகுப்பில் படித்தவர். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, சிறுநீரகங்கள் பழுதுற்றன என்றார். நாய்களின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் அளவுக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டினின் கோவிக்கு 3.6 இருந்தது. ஊரார் இதனை "உப்புச்சத்து ஏறிவிட்டது" என்பர்.

"ஐயா, இந்நோய் வஞ்சகமானது. சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆற்றலை இழக்கும் வரையில் இந்தக் கணக்கு உயர்வதில்லை. எஞ்சிய கால் பங்கைப் போற்றிக் காப்பதே நம்மால் ஆவது. இழந்ததை மீட்க முடியாது" என்று அவர் கூறினார்.

அன்று முதல் எலும்பும் இறைச்சியும் நின்றன. குழைந்த சோறும் முட்டையின் வெள்ளைக் கருவும் உணவாயின. தயிர்ச்சோற்றில் தயிரின் அளவு குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் தோளின் பின்புறத் தோலைத் தூக்கி, அதன் கீழே சலைன் ஏற்ற வேண்டும். அதனை வீட்டிலேயே செய்யும் முறையை மருத்துவர் எனக்குக் கற்பித்தார். பெயரன் புட்டியை உயர்த்திப் பிடிப்பான். கோவி அசையாமல் கிடக்கும். ஊசி நுழையும்போது மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்க்கும். கார்த்திகையும் மார்கழியும் நன்றாகவே கழிந்தன. பொங்கலன்று ஏரிக்கரைக்கு நடந்தே வந்தது. சில மாதங்கள் பெற்றோம். அவை நல்ல மாதங்கள்.

தைத்திங்கள் முடிவதற்குள் நோய் முற்றிற்று. வாயில் புண் கண்டது. மூச்சில் ஒரு கார நாற்றம் வீசிற்று. உண்டதைக் கக்கியது. பின்னங்கால்கள் தளர்ந்தன. மறுபடியும் சோதித்தபோது கிரியேட்டினின் 6.8 ஆயிருந்தது. 5-ஐக் கடந்தால் நோயின் நான்காம் நிலை, அதுவே இறுதி நிலை என்பது மருத்துவர் வகுத்துள்ள கணக்கு. மருத்துவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "நீங்கள் எல்லாரும் கலந்து பேசுங்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார். எதனைப் பற்றிக் கலந்து பேச வேண்டும் என்பதைச் சொல்லாமலே நாங்கள் அறிந்துகொண்டோம்.

பேசுவது எளிதாக இல்லை. ஓசூரிலிருந்து என் மகன் தொலைபேசியில், "அப்பா, ஏன் அதையும் வருத்தி நீங்களும் வருந்துகிறீர்கள்? ஓர் ஊசியில் முடிந்துபோகும்" என்றான். அவன் சொன்னதில் அன்பில்லை என்று கூற மாட்டேன். ஆயினும், 'அதையும் நீங்களும்' என்று இருவர் துன்பத்தையும் அவன் ஒன்றாகக் கட்டியது எனக்கு உறுத்திற்று. இரவில் நான்கு முறை எழுந்து தரையைக் கழுவுவது என் துன்பம். வயிற்றைக் குமட்டுவது நாயின் துன்பம். என் துன்பம் தீர்வதற்காக அதன் உயிரை முடிக்கலாகாது. மறுதலையாக, அது இல்லாத வீட்டில் இருக்க எனக்கு மனமில்லை என்பதற்காக அதன் துன்பத்தை நீட்டிப்பதும் முறையன்று. இரண்டு தவறுகளும் அன்பின் பெயரால் வருவன. ஆகையால், எது யாருடைய துன்பம் என்று முதலில் பிரித்தறிந்தாக வேண்டும்.

என் மனைவியோ, "நாம் கொடுத்த உயிரா இது? கொடுக்காத உயிரை எடுக்க நமக்கு என்ன உரிமை? தானாகப் போகும்போது போகட்டும். அதுவரையில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். வெறும் வாய்ச்சொல் அன்று; பார்த்துக்கொண்டும் இருந்தாள். பழைய புடைவையை மடித்து விரித்து, ஒரு பக்கமே கிடந்து புண்ணாகாதபடி மூன்று மணிக்கு ஒருமுறை நாயைப் புரட்டிப் போடுவாள். பஞ்சில் நீரை நனைத்து வாயைத் துடைப்பாள்.

அண்டை வீட்டார் ஒருவர் வேறொரு வழி சொன்னார். "வண்டியில் ஏற்றிக் காட்டோரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். உங்கள் கண்ணெதிரில் சாகாது." இப்படிச் செய்பவர் உலகில் பலர் உளர் என்பதை அறிவேன். ஆனால், அதனினும் கொடியது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நோயோடு பசியும் அச்சமும் தனிமையும் சேர்த்துக் கொடுப்பதற்குப் பெயர் விடை கொடுத்தல் அன்று. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் துறக்கம் புக மறுத்த தருமன் கதையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நாட்டில், நாயைக் காட்டோரம் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக உண்ணுதல் எங்ஙனம் இயலும்?

என் மனைவி கேட்ட வினா புதியதன்று. 1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் இதே வினா எழுந்தது. ஆசிரமத்துக் கன்று ஒன்று ஊனமுற்று, புரண்டு படுக்கவும் இயலாத வேதனையில் கிடந்தது. செய்யக்கூடிய மருத்துவம் எல்லாம் செய்தும் பயனில்லை. இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். அப்போது ஒருவர், படைக்க இயலாத உயிரைப் பறிக்க மனிதனுக்கு உரிமையில்லை என்று வன்மையாக மறுத்துரைத்தார். அடிகள் அம்மறுப்பைச் செவிமடுத்தார், தம்முள் ஆராய்ந்தார், பின்னர் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, தம் கண்ணெதிரிலேயே, நச்சு மருந்தை ஊசி வழியே செலுத்தச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதனை மறைக்காமல் 'நவஜீவன்', 'யங் இந்தியா' என்னும் தம் ஏடுகளில் அவரே எழுதினார். அகிம்சையை உலகுக்கு ஓதியவர் கன்றைக் கொல்வித்தாரே என்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சினக் கடிதங்கள் வந்து குவிந்தன.

மாணவர்களே, அக்கட்டுரையின் பிற்பகுதியைப் பலர் எடுத்துக் கூறுவதில்லை. அக்காலத்தில் ஆசிரமத்துப் பயிரைக் குரங்குகள் அழித்து வந்தன. கன்றைக் கொல்லலாம் எனின், குரங்குகளையும் கொல்லலாம் அன்றோ என்று ஒருவர் கேட்கக்கூடும். அடிகள் அவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கன்றைக் கொன்றது கன்றின் நன்மைக்கு. குரங்கைக் கொல்வதாயின் அது நம்முடைய நன்மைக்கு. ஆகவே அதனை அகிம்சை என்று சொல்லிக்கொள்ள இயலாது என்று அவர் பிரித்துக் காட்டினார். கன்றைக் கொன்ற துணிவினும் இப்பிரிப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாருக்காகச் செய்கிறோம் என்னும் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தாலன்றி ஊசியைத் தொடுதல் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறது. 1953-ஆம் ஆண்டு மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த தனியுறுப்பினர் மசோதாவின் தொடர்ச்சியாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறிற்று. அதன் 13-ஆம் பிரிவு, சில நிலைகளில் ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகலாம் என்னும் கருத்தை ஏற்கிறது. கொல்வது மட்டுமே கொடுமை என்று நாம் பொதுவாக நினைக்கிறோம்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு சொல். செய்தித்தாள்கள் இதனைக் 'கருணைக்கொலை' என்று எழுதுகின்றன. தமிழ் படித்தவன் என்னும் முறையில் இச்சொல்லாட்சி எனக்கு உவப்பாயில்லை. கருணை முன்னே நின்று இழுக்க, கொலை பின்னே நின்று தள்ள, சொல் நடுவில் தவிக்கிறது. 'தூங்க வைத்தல்' என்பாரும் உளர். அது அதனினும் தீது. சிறு குழந்தையிடம் நாயைத் தூங்க வைத்தோம் என்று சொன்னால், அன்றிரவு குழந்தை உறங்க அஞ்சும். நாய் விழித்து வரும் என்று பல நாள் வாயிலைப் பார்த்திருக்கும். சாவைச் சாவு என்றே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். நாங்கள் எங்களுக்குள், 'விடை கொடுத்தல்' என்றே பேசிக்கொண்டோம். எட்டாம் வகுப்புப் பெயரனுக்கு அதன் பொருள் நன்றாக விளங்கியது.

உரிமை உண்டா என்னும் வினாவுக்கு ஒருவாறு விடை கண்டாலும், எப்போது என்னும் வினா எஞ்சி நின்றது. அதுவே கடினமானது. மனிதர் தம் நோவை வாய்விட்டுச் சொல்வர், நாய் சொல்லாது. சொல்லாதது மட்டுமன்று, மறைக்கவும் செய்யும். வலியால் ஊளையிடும் என்று எதிர்பார்த்திருப்பவர் ஏமாறுவர். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தல், ஓரிடத்தில் படுக்க மாட்டாமல் மாறி மாறிப் படுத்தல், சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், தொட வந்த கையினின்றும் விலகுதல் ஆகியவையே அதன் மொழி. அம்மொழியை உடனிருந்து பழகியவரே நன்கு படிப்பர்.

மருத்துவர் எங்களுக்கு ஓர் உதவி செய்தார். அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் கால்நடை மருத்துவ அம்மையார் 2004-ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல் ஒன்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நோவு அடங்கியிருக்கிறதா, மூச்சு எளிதாக உள்ளதா என்பது முதற்கேள்வி. பசி, நீர் நிலை, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவை அடுத்து வருவன. தீய நாள்களினும் நல்ல நாள்கள் மிகுதியா என்பது கடைசி. ஆக, ஏழு கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்; மொத்தம் 35-க்கு மேலாயின், விலங்கின் வாழ்வு இன்னும் தாங்கத்தக்கதே என்று கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இட்ட எனக்கு, ஒரு நாயின் வாழ்வுக்கு மதிப்பெண் இட நேர்ந்தது.

எண்கள் முடிவைச் சொல்லித் தரமாட்டா. ஆனால், அவை ஒரு பெருந்தீமையினின்றும் காப்பாற்றின. நோயுற்ற விலங்கோடு இருப்பவர் மனம் நாள்தோறும் ஊசலாடும். காலையில் அது இரண்டு கவளம் உண்டால், "தேறிவிட்டது" என்று மகிழ்வோம். மாலையில் அதனைக் கக்கினால், "இன்றே முடிந்தால் நல்லது" என்போம். நேற்று எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். ஆகவே பெயரன் ஒரு குறிப்பேட்டை எடுத்தான். நாங்கள் மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் நாள்தோறும் எண்ணிட்டோம். நாட்காட்டியில் நல்ல நாளுக்கு வட்டமும் தீய நாளுக்குக் கோடும் போட்டான். அவன் தன் குறிப்பில் வேறு மூன்று கேள்விகளையும் தானாகவே சேர்த்திருந்தான்: ஏரிக்கரை, தயிர்ச்சோறு, நான்கு மணி. அந்த அம்மையாரின் ஏழு கேள்விகளினும் இம்மூன்றே எங்கள் கோவிக்குப் பொருத்தமாக இருந்தன என்பது என் கருத்து. ஒவ்வொரு நாய்க்கும் அதற்கு உயிரானவை வேறு அல்லவா?

பிப்ரவரியின் முதல் வாரத்தில் இரண்டு கோடுகள். இரண்டாம் வாரத்தில் மூன்று. ஏரிக்கரை நின்றுபோயிற்று, நான் அதனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் இறக்கினேன், காற்றை முகராமல் என் காலடியில் சுருண்டது. மூன்றாம் வாரத்தில் ஐந்து கோடுகள். தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனைவி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், நெடுநேரம் திரும்பி வரவில்லை. ஆயினும் நான்கு மணி மட்டும் நின்றிருந்தது. நிற்க இயலாவிடினும் தரையில் உடலை இழுத்துக்கொண்டு வாயிற்படிக்கு வந்துவிடும். "நான் வருவதற்குக் காத்திருக்கிறதே, தாத்தா! அதற்கு வாழ ஆசை இருக்கிறது" என்று பெயரன் சொன்னான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மறுக்க வேண்டியதும் இல்லை. அவன் சொன்னது உண்மை. அதனால் அந்த வாரம் நாங்கள் மருத்துவரை அழைக்கவில்லை.

பிப்ரவரி கடைசி வாரத்தின் ஏழு நாளும் கோடுகளே. புதன்கிழமை பேருந்து தெருமுனையில் திரும்பிற்று. கோவி கூடத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பெயரன் உள்ளே ஓடிவந்து அதன் அருகே மண்டியிட்டு அழைத்தான். தலையைத் தூக்கவில்லை. வால் நுனி மட்டும் இருமுறை தரையில் தட்டியது. அவன் புத்தகப் பையைக் கழற்றாமலே அங்கே அமர்ந்திருந்தான்.

வியாழன் இரவு நான் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். "புரட்டினால் நோகிறது. புரட்டாவிட்டாலும் நோகிறது. தண்ணீர் வைத்தால் அதுவும் எரிகிறது. இனி நான் செய்வது எதுவும் இதற்குச் சேரவில்லை" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள்" என்றாள். அவளுடைய கொள்கை தோற்றது என்று நான் கருதவில்லை. உயிரைக் கொடுக்காதவர் எடுக்கலாகாது என்பதை அவள் இன்றும் நம்புகிறாள். அந்த நம்பிக்கையோடுதான் அவ்வாறு சொன்னாள். இரண்டும் ஒரு நெஞ்சில் இருக்க முடியுமா என்று என்னைக் கேட்டால், இருந்ததைக் கண்டேன் என்பதே என் விடை.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் சனிக்கிழமை காலையில் மருத்துவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். மருந்தகத்தின் மேசையில் வைக்காமல், பழகிய இடத்தில், பழகியவர் நடுவே நடக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமுமாக இருந்தது. பெயரனிடம், "நீ இருக்கலாம், வெளியே போகவும் செய்யலாம், இடையில் எழுந்து போனாலும் தவறில்லை" என்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளையை இருக்கவைப்பதா என்று உறவினர் சிலர் பின்னர் என்னைக் கடிந்துகொண்டனர். பதினான்கு ஆண்டு உடன் வளர்ந்ததன் முடிவைக் கதவுக்கு வெளியே நின்று கற்பனை செய்வது நேரில் காண்பதனினும் கொடிது என்று அவர்களுக்குச் சொன்னேன். ஆனால் வற்புறுத்தி இருக்க வைப்பதும் கூடாது. அவன் தானே இருந்தான்.

நடப்பவற்றை மருத்துவர் முன்கூட்டியே எங்களுக்கு விளக்கினார். முதலில் அமைதி தரும் ஊசி ஒன்று. அதனால் அரைமயக்கம் வரும். பின்னர் முன்காலின் இரத்தக் குழாயில் மயக்க மருந்தை மிகுந்த அளவில் செலுத்துவார்கள். அறுவை மருத்துவத்தில் உணர்விழக்கச் செய்வதும் இத்தகைய மருந்தே. சில நொடிகளில் நினைவு மறையும். அதன் பின்னரே மூச்சு நிற்கும். இறுதியில் இதயம் நிற்கும். ஆகவே மூச்சு நிற்பதை அது அறியாது. "கண்கள் மூட மாட்டா, ஐயா. நின்ற பிறகும் ஒருமுறை பெருமூச்சு வருவதுபோல் தோன்றலாம், தசை துடிக்கலாம். அது உயிரன்று, அஞ்சாதீர்கள்" என்றார். இதனை முன்பே சொல்லி வைத்தது மிகவும் நல்லதாயிற்று. அவர் சொன்னவாறே ஒரு பெருமூச்சு வந்தது. சொல்லியிராவிட்டால், பெயரன் வாழ்நாள் முழுவதும் அந்த மூச்சைப் பற்றி ஐயுற்றிருப்பான்.

முதல் ஊசிக்குப் பின் கோவியின் மூச்சிரைப்பு அடங்கிற்று. பல வாரங்களுக்குப் பின் அதன் நெற்றி சுருக்கமின்றி இருந்ததைக் கண்டேன். பெயரன் அதன் காதருகே ஏதோ சொன்னான். என்ன என்று நான் கேட்கவில்லை. என் மனைவி மடியினின்றும் அதன் தலையை இறக்கவில்லை. மருத்துவர் இரண்டாம் மருந்தைச் செலுத்தினார். காதில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். பின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கொல்லையில் முருங்கைக்கு அப்பால் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாகக் குழி தோண்டினோம். இவ்வளவு ஆழம் எதற்கு என்று தோண்ட வந்தவர் கேட்டார். அம்மருந்து உடலிலேயே தங்கியிருக்கும்; ஆழமின்றிப் புதைத்தால், நரியோ நாயோ கழுகோ தோண்டி உண்டு தானும் மடியும். ஊருக்கு வெளியே வீசி எறிதலும் இதனாலேயே தகாது. இதனை அவருக்கு விளக்கிய பின், அவர் மேலும் ஒரு சாண் தோண்டினார். பழைய புடைவையோடு உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினோம்.

மூன்று நாள் பெயரன் அதிகம் பேசவில்லை. நான்காம் நாள், "தாத்தா, நாம் ஒரு வாரம் முன்னதாகவே செய்திருக்க வேண்டுமா? அல்லது இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமா?" என்று கேட்டான். குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னேன். இருவரும் திண்ணையில் அமர்ந்து முதல் பக்கம் தொடங்கி ஒவ்வொரு நாளையும் படித்தோம். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவன் எழுதிய 'நான்கு மணி: வந்தது' என்னும் வரிகள் ஏழும் அப்படியே இருந்தன. கடைசி வாரத்துப் பக்கத்துக்கு வந்ததும் அவன் கேள்வியை மீண்டும் கேட்கவில்லை.

மறுநாள், மீந்திருந்த மூன்று சலைன் புட்டிகளையும் வாந்தி நிறுத்தும் மாத்திரைகளையும் மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவர் அவற்றின் காலாவதித் திங்களைப் பார்த்து அலமாரியில் வைத்துக்கொண்டார். வாயிலில் ஒரு மூதாட்டி தன் மடியில் ஒரு கறுப்பு நாயைக் கிடத்தியபடி முறைக்காகக் காத்திருந்தார்.